“எந்த பஸ்ல வர்ற?”

வெள்ளிக்கிழமை இரவுக்குச் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு டிக்கெட் தேடிப் பாருங்கள். கைப்பேசித் திரையை விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து நிறுவனங்கள், அரை மணிக்கு ஒரு பேருந்து. மலிவானது 25 வெள்ளி, உசத்தியானது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். எல்லாம் அதே 350 கிலோமீட்டரைத்தான் கடக்கின்றன, அதே நெடுஞ்சாலையில்தான் ஓடுகின்றன. படத்தில் எல்லாப் பேருந்தும் நேற்று வாங்கியதுபோல் பளபளக்கும்.

எனக்கு வேலை சிங்கப்பூரில், பிறந்த வீடு ஈப்போவில். பதினோரு ஆண்டுகளாக மாதம் ஒரு முறையாவது இந்தப் பாதையில் போய் வருகிறேன். டிக்கெட் வாங்கியதும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை மணிக்கு வருகிறாய் என்பதல்ல, “எந்த பஸ்ல வர்ற?” என்பதுதான். நிறுவனத்தின் பெயரை நாள்காட்டியில் எழுதி வைத்துக்கொள்வார். ஏனென்று கேட்டதற்கு ஒரு நாள் சொன்னார்: காலையில் மின்னல் எஃப்எம்மில் ஏதாவது பஸ் விபத்துச் செய்தி வந்தால் பெயரைப் பார்த்துக்கொள்ளத்தானாம்.

நம் குடும்பங்களில் பேருந்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான் நடக்கிறது. அத்தைக்கு ஒரு நிறுவனம் ராசி, மாமாவுக்கு இன்னொன்று. ‘சீட் நல்லா சாயும்’ என்பார் ஒருவர். ‘அவன் டான்னு எடுத்துடுவான்’ என்பார் மற்றவர். இதில் எது உண்மையிலேயே நம் பயணத்தை மாற்றுகிறது, எது வெறும் பழக்கம் என்று நான் கணக்குப் பார்க்கத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான்.

அப்பா காலத்தில் தேர்வு வேறு மாதிரி இருந்தது. 1976இல் திறக்கப்பட்ட புடுராயாவுக்குள் நுழைந்தால் காது கிழியும். ஒவ்வொரு முகப்பிலிருந்தும் ஊர்ப் பெயரைக் கத்துவார்கள். வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கும் டிக்கெட் தரகர்களுக்கு மலாயில் ‘உலாட்’ என்று பெயர், அதாவது புழு. எந்தப் புழு இழுக்கிறதோ அந்த பஸ். அப்பா எங்கள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தமக்குத் தெரிந்த முகப்புக்கே நேராக நடப்பார்.

2011இல் தென் மாநிலப் பேருந்துகளுக்காக பண்டார் தாசேக் செலாத்தானில் டிபிஎஸ் நிலையம் வந்தது. பிறகு வடக்கே போகும் பேருந்துகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. விமான நிலையம் போல் குளுகுளுவென்று இருக்கும் அந்த இடத்தில் எந்த முகப்பில் நின்றாலும் எல்லா நிறுவனத்தின் டிக்கெட்டும் கிடைக்கும். இது பெரிய நிம்மதி, சந்தேகமில்லை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. முகப்பில் இருப்பவர் “பத்து மணியா, பத்தரையா?” என்றுதான் கேட்கிறார். நாமும் நேரத்தையும் விலையையும் பார்த்துப் பணம் கொடுக்கிறோம். நிறுவனத்தின் பெயர் டிக்கெட்டில் ஒரு மூலையில் அச்சாகி வருகிறது. கைப்பேசியில் வாங்கினாலும் இதே கதை. மலிவானது மேலே, மற்றது கீழே. போட்டி கூடியிருக்கிறது. நாம் தேர்ந்தெடுப்பதுதான் குறைந்துவிட்டது.

சீக்கிரம் போய்ச் சேர்வது பாராட்டா?

உறவினர்களிடம் ஒரு நிறுவனத்துக்குக் கிடைக்கும் உச்சப் பாராட்டு, ‘பறந்துடுவான்’ என்பது. டிபிஎஸ்ஸிலிருந்து ஜோகூர் பாரு லார்க்கினுக்கு மூன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டதாக என் சித்தப்பா ஒருவர் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வார்.

கணக்கைப் பாருங்கள். டிபிஎஸ்ஸுக்கும் லார்க்கினுக்கும் ஏறக்குறைய 330 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் கார்களுக்கு 110 என்றாலும் விரைவுப் பேருந்துகளுக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். வழியில் ஒரு நொடிகூட நிற்காமல், சாலைக் கட்டணச் சாவடியில்கூட மெதுவாகாமல் 90இலேயே ஓடினாலும் 3 மணி 40 நிமிடம் ஆகும். நகர நெரிசல், ஓட்டுநர் இறங்கிக் கால் நீட்டுவது எல்லாம் சேர்த்தால் நாலரை மணி நேரம் நியாயம். மூன்றரையில் வந்த பேருந்து, வழி நெடுக சட்டத்தை மீறியே வந்திருக்கிறது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “நல்லாத்தானே வந்து சேர்ந்தோம்” என்றார்.

எனக்கும் அப்படி ஒரு இரவு வாய்த்தது. சிங்கப்பூரில் பத்து மணிக்கு ஏறினேன். ஈப்போ அமான்ஜெயா நிலையத்துக்கு ஆறு மணிக்கு என்று டிக்கெட்டில் இருந்தது. இறக்கிவிட்டபோது மணி நான்கு. எல்லையில் நின்றதைக் கழித்தால் 550 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை ஐந்தேகால் மணி நேரத்தில் விழுங்கியிருக்கிறார்கள். தூக்கத்தில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அமான்ஜெயா ஊருக்குள் இல்லை. மேரு ராயாவில் தள்ளி இருக்கிறது. அப்பா ஐந்தரைக்குத்தான் கிளம்புவார். துணைக்கு ஒரு மலாய் அம்மா இருந்ததால் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் தனியாக அந்த நேரத்தில் இறங்குவது எப்படி என்று அந்த நிறுவனம் யோசித்திருக்குமா?

அன்றிலிருந்து பயணிகளின் கருத்துகளைப் படிக்கும்போது ‘சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டோம்’ என்ற வரி ஒரே நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தால் அதை ஒதுக்கிவிடுகிறேன். ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இருக்கையைப் பற்றி எழுதுகிறார்கள். ஒரு நட்சத்திரம் கொடுப்பவர்கள் பணம் திரும்பக் கிடைக்காததைப் பற்றி எழுதுகிறார்கள். இடையில் எங்காவது ‘ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டே வந்தார்’ என்று ஒருவர் எழுதியிருப்பார். நான் தேடுவது அந்த வரியைத்தான். பயணத்தின்போது கைப்பேசியில் வேஸ் செயலியைத் திறந்து வைத்தால் வேகம் தெரியும். 90ஐத் தாண்டி அது நெடுநேரம் ஓடினால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு ஜேபிஜேயிடம் புகார் கொடுக்கலாம். நான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

இரவு ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை

2007 ஆகஸ்ட் 13, புக்கிட் கந்தாங். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அதிகாலையில் ஒரு விரைவுப் பேருந்து பள்ளத்தில் பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 டிசம்பர் 24, மூவார் அருகே. ஜோகூர் பாருவிலிருந்து தலைநகர் போன பேருந்து அதிகாலையில் சாலையை விட்டு விலகி விழுந்தது, 14 பேர். 2025 ஜூன் 9, கெரிக். தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்களின் பேருந்து நள்ளிரவு தாண்டிக் கவிழ்ந்தது, 15 மாணவர்கள்.

ஆண்டுகள் வேறு, சாலை வேறு, நிறுவனம் வேறு. கடிகார முள் மட்டும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் இருக்கிறது. மனித உடம்புக்கு அந்த நேரம் தூங்கத்தான். எவ்வளவு நல்ல நிறுவனமானாலும் அதிகாலை மூன்று மணிக்குச் சக்கரத்தைப் பிடித்திருப்பவர் ஒரு மனிதர்தான். அதனால் என் கணக்கில் நிறுவனத்தின் பெயரைவிடப் புறப்படும் நேரம் முக்கியம். காலைப் பேருந்து கிடைத்தால் காலைப் பேருந்து. இது வசதியானவர்களின் பேச்சு என்று என் அலுவலகத் தோழி சொல்வாள். வெள்ளி இரவு ஏறினால்தான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் இருக்க முடியும். விடுப்பு யார் கொடுக்கிறார்கள்? உண்மைதான். நானும் இரவில் ஏறுகிறேன். அப்படி ஏறும்போது இரண்டாவது ஓட்டுநர் இருக்கிறாரா என்று முன்பே கேட்கிறேன். இருக்கைவாரைப் போட்ட பிறகுதான் போர்வையை எடுக்கிறேன்.

இருக்கைவார் இப்போது நம் விருப்பமும் அல்ல. மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பயணிகள் அதை அணிவது கட்டாயம். மீறினால் 300 ரிங்கிட் அபராதம். இருந்தும் நான் ஏறும் பேருந்துகளில் பாதிப் பேர் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கெரிக் விபத்துக்குப் பிறகு வெளிவந்த ஒரு விவரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தப் பேருந்தின் உரிமம் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதை வாங்கி ஓட்டியது வேறொரு தரப்பு. உரிமத்தைக் குத்தகைக்கு விடுவது சட்டப்படி கூடாது. உரிமம் வைத்திருந்த நிறுவனத்தின் அனுமதியை அரசு ரத்துசெய்தது. இறந்தது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நமக்குத் தெரியும். அவர்களை ஏற்றிச்சென்றது உண்மையில் யார் என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

அப்படியானால் நாம் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு என்ன பொருள்? ஒரே முதலாளி பல பெயரில் ஓட்டுவதில் தவறில்லை. டிரான்ஸ்நேஷனலும் பிளஸ்லைனரும் நைஸும் ஒரே குழுமத்தின் பெயர்கள் என்பது பலருக்கும் தெரியும். சங்கடம் எங்கே என்றால், டிக்கெட் ஒருவர் பெயரில், வண்டி இன்னொருவருடையதாக வந்து நிற்கும்போது. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விடுமுறை இரவில் லார்க்கினில் எனக்கு இது நடந்தது. பதினொரு மணிப் பேருந்து. பதினொன்றே முக்காலுக்கு வந்தது நான் கேள்விப்படாத பெயருள்ள வண்டி. “எங்க பஸ் பழுது, இதுல ஏறுங்க” என்றார்கள். என் இருக்கைவாரின் கொக்கி காணோம். வேறு இருக்கை கேட்டேன்; நிரம்பிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், நாளைக் காலையில் போகிறேன் என்றேன். செயலியில் கேளுங்கள் என்றார்கள். அன்று நான் ஏறவில்லை. ஜோகூர் பாருவில் தோழி வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் வேறு டிக்கெட் வாங்கினேன். பழைய பணம் ஆறு வாரம் கழித்துப் பாதி வந்தது. அதன் பிறகு, வண்டி மாறினால் பணம் யார் தருவார், முகப்பா செயலியா என்பதை விதிமுறையில் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. சிறிய எழுத்துதான், ஆனால் நான்கு வரிக்கு மேல் இருக்காது.

அம்மாவுக்கு ஒரு பேருந்து

இவ்வளவு நாளும் எனக்காகத் தேடியது ஒன்றுமில்லை என்று இந்த ஆண்டுதான் தெரிந்தது. எனக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. துணைக்கு அம்மா வர வேண்டும். அப்பாவுக்கு வீட்டை விட்டு வர முடியாத நிலை. அம்மா தனியாக வர வேண்டும். வயது 63. முழங்கால் வலி, சர்க்கரை. விமானம் என்றால் காதை அடைக்கும் என்று மறுத்துவிட்டார். ரயிலில் வந்தால் இடையில் மாற வேண்டும். மூட்டையோடு அவரால் முடியாது. நேரடிப் பேருந்துதான்.

அப்போதுதான் விளம்பரங்களில் சொல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. மசாஜ் இருக்கை இருக்கிறது, ஆளுக்கொரு திரை இருக்கிறது. கழிப்பறைக்கு எத்தனை இடத்தில் நிறுத்துவார்கள் என்பது எங்குமே இல்லை. பெரும்பாலான பேருந்துகளில் கழிப்பறை கிடையாது. சர்க்கரை உள்ள நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒன்பது மணி நேரப் பயணத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. கேட்டாலும் வெட்கப்பட்டுச் சிரித்துவிடுவார்கள். ஈரடுக்குப் பேருந்தில் மேல்தளப் படி குறுகல். முழங்கால் வலிக்கு ஆகாது. கீழ்த்தளத்தில் இருக்கைகள் கொஞ்சம்தான், முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

இன்னொரு கவலை எல்லை. மலேசியப் பக்கம் ஒரு முறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு முறை இறங்க வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கம் எல்லாப் பைகளையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வரிசை நீண்டால் சில பேருந்துகள் அரை மணி பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். அடுத்த பேருந்தில் வாருங்கள் என்பார்கள்.

நானும் கணவரும் நான்கு நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசினோம். கேள்விகள் மூன்றுதான். ஓட்டுநர் எத்தனை பேர்? எங்கெங்கே நிறுத்துவீர்கள்? குடிநுழைவில் வயதானவர் தாமதமானால் காத்திருப்பீர்களா? ஒருவர் “செயலியில் பாருங்கள்” என்று வைத்துவிட்டார். ஒருவர் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். எங்கே நிறுத்துவீர்கள் என்றதற்கும் ஆமாம் என்றார். மூன்றாமவர் மிகவும் மரியாதையாக, அரை மணி காத்திருப்போம், தவறினால் அடுத்த பேருந்தில் அதே டிக்கெட் செல்லும் என்றார். அடுத்த பேருந்து எப்போது என்று கணவர் கேட்டார். “நாளைக்கு.”

நான்காவது இடத்தில் பேசிய பெண் மட்டும் நிதானமாகப் பதில் சொன்னார். காலை ஒன்பது மணிப் பேருந்து, இரண்டு ஓட்டுநர், துவாஸ் வழி வரும். தாப்பாவில் ஒன்று, தலைநகர் தாண்டி ஒன்று, யோங் பெங்கில் சாப்பாட்டுக்கு ஒன்று என மூன்று நிறுத்தம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று டிக்கெட்டில் குறித்துவைக்கிறேன் என்றார். அந்தப் பேருந்து மலிவும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. இருக்கை வரிசைக்கு மூன்று. ஒற்றை இருக்கையாகக் கீழ்த்தளத்தில் போட்டோம். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை நாங்களே நிரப்பி அம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பினோம்.

மாலை ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். கால் வீங்கியிருந்தது. முறுக்கு டின் நசுங்கியிருந்தது. மற்றபடி ஓட்டுநரின் புராணம்தான். துவாஸில் அவர் பையை வாங்கிக்கொண்டு, “மக்சிக், பெலான்-பெலான்” என்றாராம். அம்மா, மெதுவா வாங்க. தாப்பாவில் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று தலையை எண்ணினாராம். சாலையில் எங்குமே சடக்கென்று பிரேக் போடவில்லையாம். இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்ப டிக்கெட் வாங்கும்போது நான் செயலியைத் திறந்து நிறுவனங்களைக் காட்டினேன். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. “அந்த டிரைவர் வியாழக்கிழமை ஓட்டமாட்டாராம். வெள்ளிக்குப் போடு” என்றார்.

பிறகு ஒரு விஷயம், பீச் ரோட்டில் ஏறிப் பழகியவர்களுக்கு. கோல்டன் மைல் காம்ப்ளக்ஸ் 2023இல் காலியானதிலிருந்து நிறுவனங்கள் சிதறிவிட்டன. பக்கத்தில் கோல்டன் மைல் டவர், கோவன், ஹார்பர்ஃபிரண்ட் என்று ஆளுக்கொரு இடம். ஐந்து வெள்ளி மிச்சம் பிடித்து அதைவிட அதிகமாக டாக்சிக்குக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். பணம்தான் முக்கியமென்றால் 170ஆம் எண் பேருந்தில் லார்க்கின் போய், அங்கே ரிங்கிட்டில் டிக்கெட் வாங்குவது பழைய வழி, இன்னும் நல்ல வழி. கையில் குழந்தையோ பெரிய பெட்டியோ இல்லாதபோது மட்டும்.

தீபாவளி, தைப்பூசம் என்று வந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் அப்படியே செல்லாது. கூடுதல் பேருந்துகள் விடப்படும். அவற்றில் பல வேறு இடத்திலிருந்து இரவல் வந்த வண்டிகள். வழக்கமான நேரத்துப் பேருந்துகள் முதலில் தீர்ந்து, 10.05, 10.20 என்று புதுப்புது நேரங்கள் முளைக்கும். ஆண்டு முழுவதும் ஓடும் நேரம் எது என்று தெரிந்துவைத்து அதில் வாங்குவது என் பழக்கம். பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பே பார்த்தால்தான் கிடைக்கும்.

இம்முறை கைக்குழந்தையோடு போகிறோம். வெள்ளி இரவு இடம் இருந்தது, எடுக்கவில்லை. வியாழன் காலைப் பேருந்தில் கீழ்த்தளத்தில் இரண்டு இருக்கை வாங்கியாயிற்று. கணவருக்கு ஒரு நாள் விடுப்பு கூடுதலாகப் போகிறது. நிறுவனத்தின் பெயரை அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.